ஒற்றையாள் ஆட்டம்

அவள் இல்லாத நேரத்தில் நான் மீன் பிடிக்கலாம், விறகு பொறுக்கலாம், படகின் அடியில் தார் பூசலாம். கதையை மட்டும் நகர்த்தக் கூடாது. கல்யாணமாகி ஆறு வருடத்தில் எங்களுக்குள் நாங்களே போட்டுக்கொண்ட சட்டங்களில், இருவருமே மீறாமல் இருந்தது அது ஒன்றுதான்.

நான் சொல்வது ஒரு வீடியோ கேமைப் பற்றி. ஊரெல்லாம் தண்ணீருக்குள் போய்விட்ட ஒரு நாட்டில், பையில் கடைசியாக மிஞ்சிய ஒரே ஒரு கடிதத்தோடு ஒரு தபால்காரி படகில் போகிறாள். உறைமேல் இருந்த முகவரி ஈரத்தில் கலைந்துவிட்டது. வழியில் பார்க்கிறவர்களிடம் கேட்டுக் கேட்டு, அது யாருடைய வீடு என்று அவள் கண்டுபிடிக்க வேண்டும். ஒருவர் மட்டும் ஆடும் ஆட்டம். ஆனால் அதில் வரைபடம் கிடையாது. எந்தக் கால்வாய் எங்கே திரும்புகிறது என்பதை ஆடுகிறவர்தான் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். எனக்கோ திசை என்பது ஜென்மத்தில் பிடிபடாத விஷயம். நாலு வருடமாகப் போகும் பல் ஆஸ்பத்திரிக்கே இன்னும் வழி கேட்டுக்கொண்டு போகிறவன் நான். அதனால் அவள் கட்டம் போட்ட நோட்டு ஒன்று வாங்கிவந்து, சோபாவில் என் பக்கத்தில் காலை மடித்து உட்கார்ந்து, வழியை வரைய ஆரம்பித்தாள். தண்ணீருக்கு நீலப் பென்சில், கரைக்குக் கறுப்பு, தப்பாக வரைந்ததைத் திருத்தச் சிவப்பு.

"இப்ப வலது. வலதுன்னா நீங்க சாப்பிடுற கைப்பக்கம்."

"தெரியும்."

"தெரிஞ்சா ஏன் இடது பக்கம் போறீங்க?"

எட்டு மாதம் இப்படிப் போனது. பெரும்பாலான நேரம் நாங்கள் பேசிக்கொள்ளவே மாட்டோம். துடுப்புச் சத்தம் மட்டும் கேட்கும். நடுவில் பென்சில் தாளில் உரசும். என் வாழ்க்கையில் நான் இருந்த இடங்களில் அதைவிட நல்ல இடம் ஒன்று உண்டா என்று யோசித்தால், எதுவும் நினைவுக்கு வருவதில்லை.

நான் வேலை பார்ப்பது ஒரு கண்ணாடிக் கடையின் பின்னறையில். மூக்குக் கண்ணாடிக்கு லென்ஸை ஃப்ரேம் அளவுக்குத் தேய்த்துப் பொருத்துவது என் வேலை. தேய்க்கும் இயந்திரத்தின் மேல் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்தில் யாரும் என்னிடம் பேச முடியாது, அதனால் யாரும் பேசுவதில்லை. அவளுடைய வேலையோ பேச்சேதான். லிஃப்ட் கம்பெனி ஒன்றின் அவசர மேசை. எங்காவது லிஃப்ட் நின்று ஆள் மாட்டிக்கொண்டால், உள்ளே இருக்கும் சிவப்பு பட்டனை அழுத்துவார்கள். அழைப்பு இவளுக்கு வரும். மெக்கானிக் போய்ச் சேரும்வரை இவள் அவர்களோடு பேசிக்கொண்டிருக்க வேண்டும். "பயப்படாதீங்க, நான் லைன்லயேதான் இருக்கேன், உங்க பேரச் சொல்லுங்க, நிக்க முடியலன்னா தரையில உக்காருங்க." ஒரு நாளைக்கு எட்டுப் பத்துப் பேர். நாங்கள் குடியிருப்பது மூன்றாவது மாடி, அங்கே லிஃப்ட் கிடையாது. மூச்சு வாங்க ஏறி வந்து செருப்பைக் கழற்றும்போது, அவளிடம் பேச்சு ஒரு சொட்டுகூட மிச்சம் இருக்காது. அந்த மௌனம் எனக்கென்று எடுத்துவைத்தது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

ஆட்டத்தில் ஒரு உப்பு வியாபாரி வருவான். மூழ்கிக்கொண்டிருக்கும் வீட்டின் கூரைமேல் மூட்டையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். மூன்று மரம் நிற்கிற இடத்தில் கால்வாய் இரண்டாகப் பிரிகிறது. அவள் இடது என்றாள். நான் இடது போனேன். அது முட்டுச் சந்து. திரும்பி வருவதற்குள் கூரை உள்ளே போய்விட்டிருந்தது. மூட்டை மட்டும் ஒரு நிமிடம் மிதந்து, பிறகு அதுவும் போனது.

"என்னாலதான்" என்றாள். நோட்டில் அந்த இடத்தைச் சிவப்பால் திருத்தி, பக்கத்தில் சின்னதாக ஒரு சிலுவைக் குறி போட்டாள். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பொம்மை மனிதன்தானே என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் என்னை விட்டு இன்னும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருப்பாள்.

இதெல்லாம் ரயில் ஆட்டம் வருவதற்கு முன்னால்.

அவள் அலுவலகத்தில் யாரோ ஆரம்பித்துவைத்தது. நான்கு பேர் சேர்ந்து இணையத்தில் ஆடுவது. ஓடுகிற சரக்கு ரயிலைக் கொள்ளைக்காரர்களிடமிருந்து காப்பாற்ற வேண்டும். ஒருவர் எஞ்சின், ஒருவர் கூரை, ஒருவர் நிலக்கரி, ஒருவர் கடைசிப் பெட்டி. இவளுடைய மேலதிகாரி அம்மாளும், ஸ்டோர்க்காரனும், ஸ்பேனர் என்று எல்லோரும் கூப்பிடும் மெக்கானிக் ஒருவனும், இவளும். ஒரு வாரம் ஆடிப் பார்க்கிறேன் என்றாள். அடுத்த வாரமே மைக் வைத்த ஹெட்போன் வந்தது. படுக்கையறையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு தினம் மாலை ஆறிலிருந்து எட்டுவரை ஆடினாள்.

கதவு திறந்துதான் இருந்தது. அதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

முதல் நாள் ஹாலில் உட்கார்ந்து அவள் குரலைக் கேட்டபோது, வேறு யாரோ வீட்டுக்கு வந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

"டேய் ஸ்பேனர்! கூரைமேல ஏறச் சொன்னா அங்க என்னடா காத்து வாங்குற? ஏறு! ஏறுடா எரும!"

பிறகு ஒரு சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சுத் திணறி, கடைசியில் சின்னதாக ஒரு இருமலில் முடியும் சிரிப்பு. அந்த இருமல்வரைக்கும் நான் அவளைச் சிரிக்க வைத்ததில்லை. என்னை அவள் ஒருநாளும் எருமை என்றதில்லை. கல்யாணத்தன்று வைத்த 'நீங்க' அப்படியே இருக்கிறது. அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டு ஆறு வருடம் சந்தோஷமாக இருந்தவன், அன்று மாலை ஒரு எருமைக்காகப் பொறாமைப்பட்டேன்.

அங்கே அவளுக்கு ஒரு பட்டப்பெயரும் இருந்தது. அலாரம். "அலாரம் வந்தாச்சா?" என்று கேட்பார்களாம். அவளே சொன்னாள், சாப்பிடும்போது, சாதாரணமாக. எட்டு மாதம் பக்கத்தில் உட்கார்ந்த எனக்கு, அவளுக்கு ஒரு பெயர்கூட வைக்கத் தோன்றவில்லையே என்று நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீங்களும் வாங்களேன். ஸ்டோர்க்காரன் இன்னைக்கு லீவு. ஒரு ஆள் குறையுது."

"எனக்குக் கூட்டம் ஒத்துக்காது."

"நாலு பேர் கூட்டமா? பஸ்ஸுல எப்படிப் போறீங்க?"

போனேன். என்னைக் கடைசிப் பெட்டியில் நிறுத்தினார்கள். யாரும் அங்கே வரமாட்டார்கள், நிம்மதியாக நிற்கலாம் என்றார்கள். பதினைந்து நிமிடத்தில் நான்கு முறை ரயிலிலிருந்து விழுந்தேன். ஐந்தாவது முறை, யாரும் என்னைச் சுடாமலே விழுந்தேன். மேலதிகாரி அம்மாள், "உங்க வீட்டுக்காரர் இறங்குற ஸ்டேஷன் இன்னும் வரலன்னு சொல்லும்மா" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவளும். எனக்கு அதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. ஸ்பேனர் சிரிக்கவில்லை என்பதுதான் உறுத்தியது.

"அண்ணா, பரவால்லண்ணா. மொத வாரம் நானும் இப்படித்தான். கம்பியப் புடிச்சிட்டு நில்லுங்க. நான் கூடவே இருக்கேன்."

நல்ல குரல். சிறிய வயது. கள்ளமே இல்லாத பையனாக இருக்க வேண்டும். கெட்டவனாக இருந்திருந்தால் வெறுப்பதற்கு வசதியாக இருந்திருக்கும். அடுத்த நாள் ஸ்டோர்க்காரன் வந்துவிட்டான். என்னை யாரும் திரும்பக் கூப்பிடவில்லை.

சோபாவில் அவள் உட்காரும் இடம் காலியாகவே இருந்தது. முதலில் வாரத்துக்கு நான்கு நாள் வந்தாள். பிறகு இரண்டு. பிறகு, "ஞாயித்துக்கிழம கண்டிப்பா" என்றாள். இத்தனைக்கும் நாங்கள் முடிவுக்குப் பக்கத்தில் வந்திருந்தோம். ஒரு படகுத்துறையில் படகைக் கட்டியிருந்தோம். அங்கிருந்து மறுநாள் காலை கிளம்பினால் அந்த வீடு வந்துவிடும். யாருடைய வீடு என்று இருவரும் ஆளுக்கொன்று நினைத்திருந்தோம். எதுவாக இருந்தாலும் கடிதத்தைப் பிரித்துப் பார்க்கக் கூடாது என்பது அவள் கட்சி. "அடுத்தவங்க கடிதம். அத தூக்கிச் சுமக்கிறதுதான் அவ வேல. படிக்கிறது இல்ல." பிரிக்காமல் எப்படித் தெரியும் என்பது என் கட்சி. அந்தத் துறையில் எங்கள் தபால்காரி ஐந்து வாரம் காத்திருந்தாள். நான் அவளை வைத்து மீன் பிடித்தேன். கூடையில் முந்நூற்றுப் பன்னிரண்டு மீன் சேர்ந்துவிட்டது.

கடையில் ஒரு அம்மாளுக்கு வலது கண் லென்ஸை இடதிலும் இடதை வலதிலும் பொருத்திக் கொடுத்துவிட்டேன். பதினோரு வருடத்தில் முதல் முறை. அந்த அம்மாள் மறுநாளே சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். தரை மேலே ஏறி வருகிறதாம்.

"என்னய்யா இது?" என்றார் முதலாளி. "ரெண்டு கண்ணையும் மாத்தி வெச்சிருக்க. பொண்டாட்டி நெனப்பா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அவர் சந்தோஷப்பட்டிருப்பார். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு இயந்திரத்தைப் போட்டேன்.

எனக்குப் புதன்கிழமை அரைநாள்தான் வேலை. அப்படி ஒரு புதன் மதியம் வீட்டுக்கு வந்து, கிழக்குக் கால்வாயில் பெரிய மீன் வரும் இடம் எது என்று பார்க்க நோட்டை எடுத்தேன். எங்கள் வரைபடம் நாற்பத்தோரு பக்கம். அதற்குப் பிறகு வெறும் தாள் என்று நினைத்திருந்தேன். காற்றில் தாள்கள் புரண்டு பின்பக்கம் திறந்தது. கடைசி ஆறு பக்கங்களில் ரயில் இருந்தது. பெட்டி பெட்டியாக, அதே நீலம், அதே கறுப்பு. திருத்தங்கள் அதே சிவப்பில். கூரைமேல் சின்ன வட்டம் போட்டு 'ஸ்பே' என்று எழுதி, அவன் ஓடவேண்டிய வழிக்கு அம்புக்குறி போட்டிருந்தாள். கடைசிப் பெட்டியில் ஒரு வட்டத்துக்குள் 'காலி'.

சிரிப்பை அவனுக்குக் கொடுத்தாள், சரி. 'டா' போட்டுக் கூப்பிட்டாள், சரி. வழி சொல்வதையும் கொடுத்துவிட்டாளா? அதுவும் இந்த நோட்டிலேயேவா?

டிவியைப் போட்டேன். துறையில் கட்டியிருந்த படகை அவிழ்த்தேன்.

அந்த வீடு வந்தபோது மணி மூன்றரை. ஒரு மேட்டில், பாதி கதவோடு நின்றது. உள்ளே யாரும் இல்லை. வாசலில் ஒரு தபால் பெட்டி. திரையில் இரண்டு வரி வந்தது. ஒன்று, கடிதத்தைப் பெட்டியில் போடு. இன்னொன்று, பிரித்துப் படி. எத்தனை நேரம் வேண்டுமானாலும் யோசிக்க விடுகிறார்கள். நான் யோசிக்கவில்லை. பிரித்தேன்.

உள்ளே ரகசியம் ஒன்றும் இல்லை. கிணறு தூர்வாரியாகிவிட்டதா, இருமல் குறைந்ததா, மேற்குப் பக்கச் சுவரில் ஈரம் இறங்குகிறது என்றாயே, இப்போது எப்படி என்று யாரோ யாரையோ கேட்டிருந்தார்கள். அவ்வளவுதான். தபால்காரி படியில் உட்கார்ந்தாள். ஆட்டத்தைச் செய்தவர்களின் பெயர்கள் வரிசையாக மேலே போயின. கடைசியில், 'முதலிலிருந்து தொடங்கவா?' என்று கேட்டது. வேறு எதுவும் கேட்கவில்லை. அந்த ஆட்டம் ஒரே ஒரு பயணத்தைத்தான் வைத்துக்கொள்ளும். முடிந்தால் அது அழிந்துவிடும். துறை, படகு, முந்நூற்றுப் பன்னிரண்டு மீன், எட்டு மாதம், எல்லாம் போயிற்று.

அவள் படியேறி வரும் சத்தம் கேட்டபோது டிவியை அணைத்துவிட்டு சமையலறையில் முட்டை உடைத்துக்கொண்டிருந்தேன்.

"ஞாயித்துக்கிழம முடிச்சுடலாமா?" என்று கேட்டாள், செருப்பைக் கழற்றிக்கொண்டே. அதுவரை ஐந்து வாரம் கேட்காதவள்.

அப்போதே சொல்லியிருக்கலாம். கடைக்குத் திரும்பி வந்த அந்த அம்மாளிடம் சொன்னதுபோல, தப்பு என்னுடையது என்று ஒரே வாக்கியத்தில் முடித்திருக்கலாம். "பாக்கலாம்" என்றேன்.

பிறகு நான் செய்தது, யோசித்துப் பார்த்தால், திருடியதைத் திரும்பக் கொண்டுபோய் வைக்கிற வேலை. முதலிலிருந்து ஆட ஆரம்பித்தேன். அவள் ஞாபகத்தில் இருக்கும் அதே படகை அதே துறையில் அதே கயிற்றில் கட்டி நிறுத்திவிட்டால் போதும், ஒன்றும் நடக்கவில்லை என்றாகிவிடும். காலையில் அவள் ஏழு மணி ஷிஃப்ட்டுக்குப் போனபின், நான் கடைக்குக் கிளம்பும்வரை இரண்டு மணி நேரம். மாலையில் அவள் ரயிலில் இருக்கும்போது, டிவி சத்தத்தைக் குறைத்துவைத்து இரண்டு மணி நேரம். நோட்டை மடியில் விரித்து வைத்துக்கொண்டேன். எல்லா வழியும் அதில் இருந்தது. படகுக்கு அவள் தேர்ந்தெடுத்த அதே பச்சையை அடித்தேன். அவள் பிடிவாதமாக வாங்கிய வெண்கல மணியை அதே விலைக்கு அதே கிழவியிடம் வாங்கி மாட்டினேன். எட்டு மாதத்தில் இருவரும் போன தூரத்தை, அவள் கையெழுத்தைப் பிடித்துக்கொண்டு பன்னிரண்டு நாளில் தனியாகப் போனேன். ஒரு இடத்தில்கூட வழி தப்பவில்லை.

மூன்று மரம் வந்தது. உப்பு வியாபாரி கூரைமேல் உட்கார்ந்திருந்தான். நான் இடது பக்கம் போயிருக்க வேண்டும். முன்பு நடந்தது அதுதான். நோட்டில் சிவப்பு அம்பு வலது பக்கம் காட்டியது, அதன் பக்கத்தில் அந்தச் சின்ன சிலுவை. தெரிந்தே ஒருவனை இரண்டாவது முறை மூழ்கவிட எனக்குக் கை வரவில்லை. வலது பக்கம் திருப்பினேன். அவனையும் மூட்டையையும் ஏற்றி மேட்டில் இறக்கிவிட்டேன். அந்த வழியாக நாங்கள் திரும்பி வரப்போவதில்லை, அவளுக்கு எப்படித் தெரியும் என்று நினைத்தேன்.

இதற்கிடையில் அவள் என்னைக் கவனிக்க ஆரம்பித்திருந்தாள். ஒருநாள் மாலை தண்ணீர் குடிக்க வந்தவள், போகிற போக்கில் டிவியின் பின்னால் கை வைத்துப் பார்த்தாள்.

"சூடா இருக்கு."

"நியூஸ் பாத்தேன்."

"நியூஸ் பாத்தா இப்படி வேர்க்குமா?" டம்ளரைக் கீழே வைத்தாள். "ஞாயித்துக்கிழமன்னா தலவலிங்கிறீங்க, திங்கக்கிழமன்னா கண்ணு எரியுதுங்கிறீங்க. யார்கூட ஆடுறீங்க?"

"யார்கூடயும் இல்ல."

"நெசமாவா?"

"எனக்கு யார் இருக்கா?"

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளே போனாள். அன்று ரயிலில் அவள் குரல் அவ்வளவாகக் கேட்கவில்லை. அந்தச் சந்தேகம் எனக்கு இனித்தது என்பதை மறைத்து என்ன ஆகப்போகிறது? மடியில் அவள் நோட்டை வைத்துக்கொண்டு, அவளுக்கே துரோகம் செய்துகொண்டு, அவள் கொஞ்சம் பொறாமைப்படட்டும் என்று சந்தோஷப்பட்டேன்.

பதின்மூன்றாம் நாள் ஸ்பேனருக்கு மாலையில் ஒரு ஆஸ்பத்திரி லிஃப்ட்டைப் பார்க்கப் போகவேண்டியிருந்தது. ரயில் ஓடவில்லை. அவள் தலையை முடிந்துகொண்டு வந்து சோபாவில் உட்கார்ந்தாள். நோட்டை எடுத்து மடியில் வைத்தாள்.

"சாக்குப்போக்கு எதுவும் சொல்லக் கூடாது. இன்னைக்கு அந்தக் கடிதத்தச் சேத்துடுறோம்."

முந்தின நாள்தான் படகைக் கட்டியிருந்தேன். மீன் மட்டும் நூறுக்குக் கொஞ்சம் மேல். அவளுக்கு எண்ணிக்கை தெரியாது. டிவியைப் போட்டேன். பச்சைப் படகு. வெண்கல மணி. அதே துறை. "அப்பா, எவ்ளோ நாளாச்சு" என்றாள். தோள் என் தோளில் பட்டது. அந்த நிமிடத்தில் நான் எல்லாவற்றையும் திரும்பப் பெற்றுவிட்டேன் என்று நம்பினேன்.

ஆட்டத்தில் விடிந்தது. தபால்காரி கயிற்றை அவிழ்க்கக் குனிந்தாள். கரை மேலிருந்து ஒரு ஆள் மூட்டையோடு இறங்கி வந்தான். கையை உயர்த்தி ஆட்டினான். 'வழியில் சமைத்துக்கொள்ள' என்று ஒரு கைப்பிடி உப்பைத் தாளில் மடித்துக் கொடுத்தான்.

அவன் வருவான் என்று எனக்குத் தெரியாது. எப்படித் தெரியும்? முதல் முறை அவன் செத்துப்போயிருந்தான்.

துடுப்பை நான் அசைக்கவில்லை. அவள் பென்சிலும் அசையவில்லை. உப்பு வியாபாரி கையை ஆட்டிக்கொண்டே இருந்தான். நாம் நகரும்வரை அவன் நிறுத்த மாட்டான். அவனை அப்படிச் செய்திருக்கிறார்கள்.

"இவன் செத்துட்டானே" என்றாள்.

நான் கன்ட்ரோலரை மடியில் இறக்கினேன்.

"என்னாலதான செத்தான்." நோட்டைப் புரட்டி அந்தச் சிலுவையைப் பார்த்தாள். பிறகு திரையை. பிறகு என்னை. "முடிச்சிட்டீங்களா?"

"ம்."

"தனியாவா?"

"தனியாத்தான்."

"முடிச்சிட்டு, மறுபடியும் மொதல்ல இருந்து வந்திருக்கீங்க. எனக்குத் தெரியக் கூடாதுன்னு."

"நோட்டுல பின்பக்கம் பாத்தேன்" என்றேன். "ரயிலு. ஸ்பேனர். அம்புக்குறி எல்லாம்."

"அதுக்கு?"

"இது நம்ம நோட்டு."

"காசு குடுத்து வாங்கினது நான். வரஞ்சது நான். நீங்க இதுல ஒரு கோடு போட்டிருக்கீங்களா?" அவள் குரல் உயரவே இல்லை. லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் பேசுவாளே, அந்தக் குரல். என்னிடம் அதில் பேசியது அதுதான் முதல் முறை. "நான் அங்க ஆடினது மூணு வீட்டுக்குக் கேட்டுச்சு. கதவக்கூடச் சாத்தல. நீங்க சத்தமே இல்லாம பண்ணிட்டீங்க."

"நீ வரல. அஞ்சு வாரம் உக்காந்திருந்தேன்."

"கூப்பிட்டீங்களா?"

யோசித்துப் பார்த்தேன். கூப்பிடவில்லை. அவளாக வரவேண்டும் என்று காத்திருந்தேன். வராத ஒவ்வொரு நாளையும் மனதில் முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டேன். வாய் திறந்து ஒருநாள்கூடக் கேட்கவில்லை.

"முடிவு என்னன்னு சொல்லாதீங்க" என்றாள். கையை நீட்டினாள். ஒரு கணம் என் கையைத்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன். கன்ட்ரோலரைக் கேட்டாள். கொடுத்தேன். எட்டு மாதத்தில் அதை அவள் தொட்டதே இல்லை. எந்த பட்டன் எதற்கு என்று கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள்.

"நான் வழி சொல்லட்டுமா?"

"வேணாம். கொஞ்சம் வெளிய போயிட்டு வாங்க."

"எங்க?"

"எங்கயாவது. ஒரு மணி நேரம்."

மூன்று மாடி இறங்கித் தெருவுக்கு வந்தேன். எதிரே சலவைக் கடையில் ஒரு பெண் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். பஸ் நிறுத்தத்தில் போய் உட்கார்ந்தேன். இரண்டு பஸ் வந்து நின்று, நான் ஏறாததைப் பார்த்து முறைத்துவிட்டுப் போயின. இந்நேரம் மேட்டுக்குப் போயிருப்பாள். இந்நேரம் பாதி கதவு. இந்நேரம் அந்த இரண்டு வரி. பிரிக்க மாட்டாள் என்று தெரியும். ஆனால் நான் என்ன செய்தேனோ அதைத் தானும் பார்க்கவேண்டும் என்று ஒருவேளை தோன்றிவிட்டால்? பெட்டியில் போட்டால் என்ன நடக்கும்? யாராவது வருவார்களா? வந்து தபால்காரியிடம் ஏதாவது சொல்வார்களா? நான் பிரித்தபோது யாரும் வரவில்லை. அங்கே உட்கார்ந்து, என் வீட்டு ஹாலில் என் சோபாவில் தனியாக உட்கார்ந்திருக்கும் என் மனைவியின்மேல், ஸ்பேனர்மேல்கூட அதுவரை படாத அளவுக்குப் பொறாமைப்பட்டேன்.

திரும்பிப் போனபோது டிவி அணைந்திருந்தது. அவள் முகம் கழுவியிருந்தாள். கண் சிவந்திருந்தது. அழுததா, சோப்பா, சொல்லத் தெரியவில்லை.

"என்ன செஞ்சே?" என்றேன்.

"நீங்க என்ன செஞ்சீங்க?"

பதில் சொல்ல வாயெடுத்தேன். அவள் தலையை ஆட்டி வேண்டாம் என்றாள். சாப்பிட்டோம். படுத்தோம். மறுநாள் இருவரும் வேலைக்குப் போனோம்.

மாலை ஆறு மணிக்கு அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். நான் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். தண்ணீர் சத்தத்துக்கு நடுவே அவள் குரல் வந்தது.

"ஆமாடா, முடிச்சிட்டேன், அந்தத் தபால்காரி ஆட்டம்... இல்ல, அவரு இல்லாம. நான் மட்டும்."

குழாயை மூடினேன்.

"அதெல்லாம் சொல்ல முடியாது... ஏன்னா ஏன்? சொல்ல முடியாதுன்னா முடியாது. அது எங்க வீட்டு விஷயம்டா."

அந்த 'எங்க' என்ற வார்த்தையைக் கையில் சோப்பு நுரையோடு வைத்துக்கொண்டு நின்றேன். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறாள். சேர்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

அப்புறம் அவன் ஏதோ சொன்னான். அவள் சிரித்தாள், இருமல் வரும்வரை. நான் குழாயைத் திறந்து மிச்சப் பாத்திரங்களைக் கழுவினேன்.